கண்ணும் கையும்: சாகச விளையாட்டுகளில் லயிப்பு உருவாகும் விதம்

சாகச விளையாட்டு என்பது கணினி விளையாட்டுகளில் ஒரு தனி வகை. ஓர் உலகத்துக்குள் நடமாடி, அங்குள்ள பொருள்களை ஆராய்ந்து, புதிர்களை அவிழ்த்து, எதிர்ப்படும் மனிதர்களோடு பேசி, ஒரு கதையை அதன் முடிவுவரை கொண்டுசெல்வதே இதன் அடிப்படை. கார்ப் பந்தயத்துக்கும் துப்பாக்கிச் சண்டைக்கும் வேண்டிய கைவேகம் இதற்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. கவனம், பொறுமை, ஊகம் ஆகிய மூன்றும் போதும். இதனாலேயே, தான் அந்த உலகத்துக்குள் இருப்பதாக ஆடுபவர் உணர்வது இந்த வகைக்கு உயிர்நாடி. அந்த உணர்வு வராவிட்டால் மிஞ்சுவது பூட்டும் சாவியும் மட்டுமே. உட்கார்ந்திருக்கும் அறையும் ஓடும் நேரமும் மறந்து, மனம் விளையாட்டின் உலகத்தோடு ஒன்றிவிடும் நிலையை லயிப்பு என்கிறோம்.

கதை, இசை, ஓவியம், உரையாடல் எல்லாமே லயிப்புக்கு உதவுகின்றன. ஆனால் இவை நாவலுக்கும் சினிமாவுக்கும் பொதுவானவை. விளையாட்டை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை இரண்டு. ஒன்று, ஆடுபவரின் செயலுக்கு ஏற்ப இடம் மாறும் கேமரா. மற்றொன்று, அவர் செய்வதற்கு உலகம் தரும் பதில். இதை ஊடாட்டம் என்பர். இவ்விரண்டும் தனித்தனியே இயங்குவதில்லை. கேமரா ஓர் அறையைக் காட்டும்போதே அங்கு எதைத் தொடலாம், எங்கே போகலாம் என்ற எதிர்பார்ப்பும் எழுகிறது. அந்த எதிர்பார்ப்பைக் கை நிறைவேற்றும்போது லயிப்பு வலுப்பெறுகிறது. நிறைவேற்ற முடியாதபோது கலைகிறது. சாகச விளையாட்டுகளின் வரலாறு முழுவதிலும் இதைக் காணலாம்.

லயிப்பை ஆராய்ந்தவர்கள்

லயிப்பு என்பது ஒற்றை நிலை அல்ல, படிப்படியாக ஆழமாவது. 2004ஆம் ஆண்டில் எமிலி பிரவுன், பால் கேர்ன்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் விளையாட்டு ஆடுபவர்களை நேர்கண்டு அதை மூன்று படிகளாக வகுத்தனர். முதற்படி ஈடுபாடு. ஆடுபவர் நேரத்தையும் உழைப்பையும் கவனத்தையும் செலவிட முன்வருவது இது. இரண்டாவது, விளையாட்டின் அமைப்பு உணர்ச்சியைத் தொட்டு, கட்டுப்பாட்டுப் பொத்தான்களைப் பற்றிய நினைவே மறைந்துபோகும் நிலை. மூன்றாவது முழு லயிப்பு. இதை எட்டுவதற்குக் கதாபாத்திரத்தின் மீதான பரிவும் உலகத்தின் சூழலுணர்வும் தேவை என்று அவர்கள் கண்டனர். ஒவ்வொரு படியின் வாசலிலும் ஒரு தடை நிற்கிறது. முதல் வாசலில் நிற்கும் தடைகளுள் ஒன்று, கையாளக் கடினமான கட்டுப்பாடுகள். எவ்வளவு அழகான உலகமானாலும் அதில் நடக்கத் தெரியாமல் தடுமாறுபவர் அதற்குள் நுழைவதில்லை.

பின்லாந்து ஆய்வாளர்களான லாரா எர்மியும் ஃபிரான்ஸ் மாய்ராவும் 2005இல் வேறொரு கோணத்தில் மூன்று வகைகளைப் பிரித்தனர். காட்சியாலும் ஒலியாலும் வருவது புலன்வழி லயிப்பு. திறனுக்கும் சவாலுக்கும் இடையே உள்ள சமநிலையால் வருவது சவால்வழி லயிப்பு. கதையோடும் மாந்தரோடும் ஒன்றுவதால் வருவது கற்பனைவழி லயிப்பு. சாகச விளையாட்டில் இம்மூன்றுமே உண்டு என்றாலும் கற்பனைவழி லயிப்புக்கே முதலிடம். புதிர்கள் சவாலைத் தருகின்றன. கேமரா புலன்களுக்குத் தீனி போடுகிறது.

மெய்நிகர் உலகங்களை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் மெல் ஸ்லேட்டர் 2009இல் முன்வைத்த பகுப்பு இங்கே மிகவும் பயன்படக்கூடியது. ஓர் உலகம் உண்மை போலத் தோன்றுவதற்கு இரு மாயைகள் வேண்டும் என்கிறார் அவர். 'நான் இந்த இடத்தில் இருக்கிறேன்' என்பது முதலாவது. இதை இட மாயை எனலாம். 'இங்கே நடப்பது உண்மையாகவே நடக்கிறது' என்பது இரண்டாவது. இதை நிகழ்வு மாயை எனலாம். தலையைத் திருப்பினால் காட்சி திரும்புவதும், குனிந்தால் மேசையின் அடிப்பகுதி தெரிவதும் இட மாயையைத் தாங்குகின்றன. உலகம் ஆடுபவரைக் கண்டுகொள்வதும் அவர் செய்ததற்கு ஏற்ற விளைவைத் தருவதும் நிகழ்வு மாயையைத் தாங்குகின்றன. முதலாவது பெரும்பாலும் கேமராவின் பொறுப்பு. இரண்டாவது பெரும்பாலும் ஊடாட்டத்தின் பொறுப்பு.

லயிப்பை அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். 2008இல் ஷார்லீன் ஜெனெட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் வினாத்தாளோடு கண்ணசைவுப் பதிவும் பயன்பட்டது. சலிப்பூட்டும் ஒரு கணினிப் பணியைச் செய்தவர்களின் கண்ணசைவு நேரம் செல்லச் செல்ல அதிகரித்தது. ஈர்க்கும் விளையாட்டை ஆடியவர்களின் கண்ணசைவோ குறைந்துகொண்டே வந்தது. கவனம் ஒரு புள்ளியில் குவிவதை உடலே காட்டிக்கொடுக்கிறது.

கேமரா பிறப்பதற்கு முன்

முதல் சாகச விளையாட்டில் படமே இல்லை. குகை ஆய்வில் ஆர்வம் கொண்ட அமெரிக்க நிரலாளர் வில் க்ரவுதர், கென்டக்கி மாநிலத்தின் மேமத் குகைத் தொகுதியில் தாம் அளந்தறிந்த பாதைகளை அடிப்படையாக வைத்து 1970களின் நடுவில் 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்' விளையாட்டை எழுதினார். 1977இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். திரையில் வரும் வாக்கியங்கள் ஆடுபவரை முன்னிலையில் வைத்துப் பேசும்: நீ ஒரு கட்டடத்தின் முன் நிற்கிறாய், உனக்கு எதிரே இன்னது இருக்கிறது என்ற பாணியில் வருணனை ஓடும். ஆடுபவர் ஓரிரு சொற்களில் கட்டளையைத் தட்டச்சு செய்வார்.

கேமரா என்று ஒன்று இல்லாதபோதும் அந்த வருணனைகளில் ஒரு நோக்குநிலை இருந்தது. உலகம் முழுவதும் ஆடுபவர் நிற்கும் இடத்திலிருந்தே சொல்லப்பட்டது. ஊடாட்டமோ எல்லையற்றது போலத் தோற்றம் காட்டியது. எந்தச் சொல்லையும் தட்டச்சு செய்யலாம் அல்லவா? ஆனால் நிரலுக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சமே. தெரியாத சொல்லைத் தட்டியதும் 'புரியவில்லை' என்ற பதில் வரும்; அந்தக் கணமே குகை மறைந்து கணினி தெரியும். நோக்குநிலையால் வந்த லயிப்பை ஊடாட்டத்தின் குறை கலைத்துவிடும் சிக்கல் இந்த வகையின் முதல் விளையாட்டிலேயே தொடங்கிவிட்டது.

1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் ஆப்பிள் 2 கணினிக்காக 'மிஸ்டரி ஹவுஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். வருணனைக்கு மேலே கோட்டோவியங்கள் இடம்பெற்றன. ஆடுபவரின் கண்ணால் பார்ப்பதுபோல அறைகள் வரையப்பட்டிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து அவர்களின் சியரா நிறுவனம் 'கிங்ஸ் குவெஸ்ட்' விளையாட்டைக் கொண்டுவந்தது. அதில் கிரஹாம் என்ற வீரனின் உருவம் திரையில் நடந்தது; மரத்துக்குப் பின்னால் போய் மறைந்தது, முன்னால் வந்தது. தட்டையான படத்துக்கு ஆழம் கிடைத்தது. அதோடு ஆடுபவருக்கும் உலகத்துக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் வந்துவிட்டார். தன்மைப் பார்வை, படர்க்கைப் பார்வை என்ற இரண்டு பாதைகளும் அப்போதே பிரிந்தன.

தன்மைப் பார்வை: கேமராவே கண்

தன்மைப் பார்வையில் கேமரா கதாபாத்திரத்தின் கண் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அதன் சிறந்த எடுத்துக்காட்டு 1993இல் வெளிவந்த 'மிஸ்ட்'. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் ஆப்பிள் கணினியின் ஹைப்பர்கார்ட் மென்பொருளில் இதை உருவாக்கினார்கள். முன்கூட்டியே வரைந்து முடித்த சுமார் 2,500 நிலைப்படங்களால் ஆனது அந்தத் தீவு. ஒரு படத்தின் ஓரத்தில் சொடுக்கினால் அடுத்த படம் வரும். இடையில் நகர்வு இல்லை. ஆனாலும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற அந்த விளையாட்டு, 2002 வரை உலகில் மிக அதிகம் விற்ற கணினி விளையாட்டாக விளங்கியது.

படங்கள் அசையாதபோதும் இந்த லயிப்பு எப்படி வந்தது? ஆடுபவருக்கு 'மிஸ்ட்' பெயரோ முகமோ தரவில்லை. ஒரு புத்தகத்தின் வழியே தீவுக்கு வந்துசேர்ந்த அந்நியர் அவர், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்ததும் கதாபாத்திரத்துக்குத் தெரிந்ததும் ஒன்றே. சாவு இல்லை, நேரக் கெடுவும் இல்லை. காற்றின் ஓசையும் அலையின் ஓசையும் இடத்துக்கு இடம் மாறின. ஊடாட்டமும் எளிமையானது, ஒரு கை வடிவச் சுட்டி மட்டுமே. நெம்புகோலைப் பிடித்து இழுக்கலாம், பொத்தானை அழுத்தலாம், புத்தகத்தைப் புரட்டலாம். கேமரா எதையெல்லாம் தொடத்தக்கதாகக் காட்டியதோ அவற்றில் பெரும்பாலானவை கைக்குப் பதில் தந்தன. வாக்குறுதி சிறியது, நிறைவேற்றம் முழுமையானது. 2000ஆம் ஆண்டில் அதே தீவு 'ரியல்மிஸ்ட்' என்ற பெயரில் தடையின்றி நடமாடக்கூடிய முப்பரிமாண உலகமாக வந்தது. 2020இல் மெய்நிகர் கருவிகளுக்கும் வந்தது.

தன்மைப் பார்வையின் வலிமைக்கு உடலியல் காரணங்கள் உள்ளன. 1998இல் மேத்யூ பாட்வினிக்கும் ஜோனதன் கோஹனும் நடத்திய ரப்பர் கைச் சோதனை புகழ்பெற்றது. ஒருவருடைய உண்மையான கையை மறைத்துவிட்டு, அவர் கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், சிறிது நேரத்தில் ரப்பர் கையே தம்முடையது என்ற உணர்வு பலருக்கு வந்துவிடுகிறது. கண்ணும் தொடுகையும் ஒரே செய்தியைச் சொன்னால், தன் உடலின் எல்லையை மூளை திருத்தி எழுதிக்கொள்கிறது. 2010இல் ஸ்லேட்டர் குழுவினர் மெய்நிகர் உலகில் ஆண்களுக்கு ஒரு பெண் உருவத்தின் உடலைத் தந்து சோதித்தார்கள். அந்த உடலின் கண்ணிலிருந்து பார்த்தவர்களுக்கே அது தம் உடல் என்ற உணர்வு வலுவாக எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த அளவுக்கு எழவில்லை.

விளையாட்டுகளிலும் இது உறுதிப்பட்டது. அலேனா டெனிசோவாவும் பால் கேர்ன்ஸும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பார்வைகளிலும் ஆடக்கூடிய 'ஸ்கைரிம்' விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். தன்மைப் பார்வையில் ஆடியவர்களின் லயிப்பு கூடுதலாக இருந்தது. படர்க்கைப் பார்வையைத்தான் விரும்புவோம் என்று சொன்னவர்களுக்கும் முடிவு அதுவே. விருப்பம் வேறு, லயிப்பு வேறு என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் இந்தப் பார்வைக்கு விலை உண்டு. மனிதனின் கண்கள் கிடைமட்டத்தில் ஏறத்தாழ 200 பாகை அகலத்தைக் காண்கின்றன. விளையாட்டின் கேமரா பொதுவாகக் காட்டுவது 60 முதல் 90 பாகை வரைதான். ஓரப் பார்வையில் தெரியவேண்டியவை தெரிவதில்லை; தன் காலடியும் தோளருகே இருப்பதும் மறைந்துபோகின்றன. கண் நகர்வதாகச் சொல்லும்போது உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு நகரவில்லை என்று சொல்வதால் சிலருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் வருகின்றன. லயிப்பைக் கூட்டும் அதே பார்வை இவர்களுக்கு அதைக் கெடுக்கிறது.

படர்க்கைப் பார்வை: இன்னொருவரோடு நடப்பது

படர்க்கைப் பார்வையில் கேமரா கதாபாத்திரத்துக்கு வெளியே நிற்கிறது. சில விளையாட்டுகளில் மேடையைப் பார்ப்பதுபோலப் பக்கவாட்டிலிருந்தும், சிலவற்றில் முதுகுக்குப் பின்னாலிருந்தும் பார்க்கிறது. ரான் கில்பர்ட் தலைமையில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனம் 1990இல் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' முதல் வகையைச் சேர்ந்தது. கடற்கொள்ளைக்காரனாக ஆசைப்படும் கைபிரஷ் த்ரீப்வுட் என்ற அப்பாவி இளைஞன் அதன் நாயகன். ஆடுபவர் அவனாக மாறுவதில்லை. அவனைப் பார்த்துச் சிரிக்கிறார், அவனுக்காகக் கவலைப்படுகிறார், அவனுக்கு வழி காட்டுகிறார். அவன் முகபாவனையும் நடையும் சறுக்கி விழுவதும் கண்ணுக்குத் தெரிவதால்தான் நகைச்சுவை பிறக்கிறது. பிரவுனும் கேர்ன்ஸும் முழு லயிப்புக்குத் தேவை என்று சொன்ன பரிவு, படர்க்கைப் பார்வையில் எளிதாக வளர்கிறது. தன்மைப் பார்வையில் முகமே தெரியாத ஒருவர் மீது பரிவு கொள்வது கடினம்.

இடத்தை அறியும் விதத்திலும் வேறுபாடு உண்டு. மூளை இடத்தை இரு முறைகளில் பதிவு செய்கிறது. ஒன்று தன்னை மையமாக வைத்தது: கதவு எனக்கு இடப்பக்கம், மேசை எனக்கு முன்னால். மற்றொன்று வரைபடம் போன்றது: கதவுக்கும் மேசைக்கும் இடையே உள்ள உறவு, நான் எங்கு நின்றாலும் மாறாதது. தன்மைப் பார்வை முதல் முறைக்கு நெருக்கமானது. படர்க்கைப் பார்வை பாத்திரத்தையும் சுற்றுப்புறத்தையும் ஒரே சட்டகத்தில் காட்டி இரண்டாம் முறைக்கு உதவுகிறது. 2017இல் ஜோஃப்ரி கோரிஸ் குழுவினர் மெய்நிகர் உலகில் இரண்டையும் ஒப்பிட்டபோது, படர்க்கைப் பார்வையில் சுற்றுப்புற விழிப்பு கூடியது. பொருள்களைத் துல்லியமாகக் கையாள்வதற்குத் தன்மைப் பார்வை உதவியது. தாண்டிக் குதிப்பதும் விளிம்பில் தொங்குவதும் நிறைந்த 'டூம் ரைடர்' 1996இல் முதுகுப்புறக் கேமராவைக் கொண்டதற்கும், மேசை இழுப்பறையைத் திறந்து கடிதம் தேடும் விளையாட்டுகள் தன்மைப் பார்வையைக் கொள்வதற்கும் இதுவே பொருத்தமான விளக்கம்.

படர்க்கைப் பார்வையிலும் ஆடுபவரைப் பாத்திரத்தின் மனத்துக்குள் கொண்டுசெல்ல வழி உண்டு. டிம் ஷேஃபர் 1998இல் உருவாக்கிய 'கிரிம் ஃபாண்டாங்கோ' விளையாட்டில் திரையில் சுட்டியும் இல்லை, பொருள் பட்டியலும் இல்லை. நாயகன் மேனி கலவேரா கவனிக்கத்தக்க பொருளின் அருகே போனால் தன் தலையை அதன் பக்கம் திருப்புவான். அவன் எதைப் பார்க்கிறான் என்பதிலிருந்தே எதைத் தொடலாம் என்பது புரியும். ஊடாட்டத்துக்கான குறிப்பு உலகத்துக்கு வெளியே ஒட்டப்படாமல் பாத்திரத்தின் உடலிலேயே வைக்கப்பட்டது.

நிலைக் கேமரா: இயக்குநரின் கண்

மூன்றாவது பாதை நிலைக் கேமரா. ஃபிரடெரிக் ரேனால் 1992இல் உருவாக்கிய 'அலோன் இன் தி டார்க்' வரைந்த பின்னணிகளின் மேல் முப்பரிமாண உருவங்களை நடமாடவிட்டது. ஒவ்வோர் அறையிலும் கேமரா ஏதேனும் ஒரு மூலையிலோ கூரையிலோ பொருத்தப்பட்டிருந்தது. நாயகன் நகர நகரக் கோணங்கள் வெட்டி மாறின. ஷின்ஜி மிகாமி இயக்கி, கேப்காம் 1996இல் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' இந்த முறையைத் திகிலுக்குப் பயன்படுத்தியது. நடைக்கூடத்தின் திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது பாத்திரத்துக்குத் தெரியும் நிலையிலும் ஆடுபவருக்குத் தெரியாது. காலடி ஓசை மட்டும் கேட்கும். பார்வை மறுக்கப்படுவதே அச்சத்தை வளர்த்தது.

இங்கேதான் கண்ணுக்கும் கைக்கும் இடையிலான முரண்பாடு கூர்மையடைந்தது. கேமரா ஒரு கோணத்திலிருந்து எதிர்க் கோணத்துக்கு மாறும்போது திரையின் மேல்பக்கம் கீழாகிவிடுகிறது. மேல் நோக்கிய பொத்தானை அழுத்தி நடந்துகொண்டிருந்தவர் திடீரென வந்த வழியே திரும்பி ஓடுவார். இதைத் தவிர்க்க, மேல் பொத்தான் எப்போதும் பாத்திரத்தின் முன்பக்கத்தையே குறிக்கும்படி அமைத்தார்கள். டாங்கியைப் போல நின்ற இடத்தில் திரும்பி முன்னே போகும் இந்த முறை கோணம் மாறினாலும் குழம்பாது. ஆனால் பழகும்வரை கை தடுமாறும். 'கிரிம் ஃபாண்டாங்கோ'வும் இதே முறையில்தான் வெளிவந்தது. 2015இல் மறுபதிப்பாக வந்தபோது சுட்டியால் சொடுக்கி நடத்தும் வசதியும் சேர்க்கப்பட்டது.

'ரெசிடென்ட் ஈவில்' தொடர் கேமரா மாற்றத்தின் விளைவைக் காண நல்ல வாய்ப்பைத் தருகிறது. 2005இல் வந்த நான்காம் பாகம் கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது. குறிபார்ப்பது துல்லியமானது, திகிலின் இடத்தைச் சண்டையின் பதற்றம் பிடித்துக்கொண்டது. 2017இல் வந்த ஏழாம் பாகம் தன்மைப் பார்வைக்கு மாறி, பாழடைந்த ஒரு வீட்டுக்குள் ஆடுபவரை நேராக நிறுத்தியது. 2021இல் வந்த எட்டாம் பாகமான 'வில்லேஜ்' தன்மைப் பார்வையில் வந்தது. அடுத்த ஆண்டே அதற்குப் படர்க்கைப் பார்வையும் விருப்பத் தேர்வாக அளிக்கப்பட்டது. அந்தப் பார்வையிலும் நாயகன் ஈதனின் முகம் ஆடுபவருக்குக் காட்டப்படுவதில்லை. கேமராவைச் சுழற்றி முன்னே கொண்டுவந்தால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனை ஆடுபவரின் கண்ணாகவே வைத்திருக்க வேண்டும் என்ற முடிவு கேமரா மாறிய பின்னும் தொடர்ந்தது.

ஊடாட்டம்: உலகம் தரும் பதில்

ஒரு செயலைத் தானே செய்தேன் என்ற உணர்வைச் செயலுணர்வு எனலாம். ஜேனட் மரே 1997இல் எழுதிய நூலில், பொருளுள்ள ஒரு செயலைச் செய்து அதன் விளைவைக் காண்பதில் கிடைக்கும் நிறைவே கணினிக் கதைகளின் தனிப்பெரும் இன்பங்களுள் ஒன்று என்று விளக்கினார். பட்டனை எத்தனை முறை அழுத்தினோம் என்பது இதில் கணக்கில் வருவதில்லை. விளைவுக்குப் பொருள் இருக்கிறதா என்பதே முக்கியம்.

செயலுணர்வுக்கும் காலத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2002இல் பேட்ரிக் ஹேகார்ட் குழுவினர் நடத்திய சோதனையில், பங்கேற்றவர்கள் ஒரு விசையை அழுத்தினால் கால் நொடி கழித்து ஓர் ஒலி கேட்கும். தாமாக அழுத்தியவர்களுக்கு அழுத்தலும் ஒலியும் உண்மையில் இருந்ததைவிட நெருங்கி நிகழ்ந்ததாகத் தோன்றியது. காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டி விரலை அசைத்தபோது இந்த நெருக்கம் மறைந்து, இடைவெளி நீண்டதுபோலத் தோன்றியது. தன் விருப்பத்தால் விளைந்ததை மூளை தன் செயலோடு சேர்த்துக் கட்டுகிறது. விளையாட்டில் பதில் தாமதமானாலும், ஒரே செயலுக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பதில் வந்தாலும், இந்தக் கட்டு தளர்ந்து பாத்திரம் அந்நியமாகிவிடுகிறது.

சாகச விளையாட்டுகளில் ஊடாட்டத்தின் வரலாற்றை வினைச்சொற்களின் வரலாறாகவே எழுதலாம். தட்டச்சுக் காலத்தின் 'புரியவில்லை' பதிலை ஒழிக்க, 1987இல் 'மேனியாக் மேன்ஷன்' 15 வினைச்சொற்களைத் திரையின் அடியில் வரிசையாக அடுக்கியது: திற, மூடு, எடு, கொடு, தள்ளு என்று. ஆடுபவர் சொல்லைச் சொடுக்கி, பொருளைச் சொடுக்குவார். 1991இல் 'மங்கி ஐலண்ட் 2' அவற்றை 9 ஆகக் குறைத்தது. 1995இல் 'ஃபுல் த்ராட்டில்' கண், வாய், கை, கால் ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு சின்ன வட்டச் சின்னமாக மாற்றியது. அதற்கும் முன்பே 'மிஸ்ட்' எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் அடக்கிவிட்டது. சொற்கள் குறையக் குறையத் திரையில் உலகத்துக்கு அதிக இடம் கிடைத்தது. எந்தச் சொல்லைத் தேர்வது என்ற யோசனை போய், எதைச் செய்வது என்ற யோசனை முன்னுக்கு வந்தது. அதேவேளை, சிந்திக்காமல் எல்லாவற்றையும் சொடுக்கிப் பார்க்கும் பழக்கத்துக்கும் அது வழிவிட்டது.

தண்டனையின் அளவும் லயிப்பைப் பாதிக்கிறது. சியராவின் விளையாட்டுகளில் ஒரு தவறான அடியால் பாத்திரம் சாவது வழக்கம். கில்பர்ட் 1989இல் எழுதிய கட்டுரையில், கவனமாக ஆடுபவர் சாகாமலே தொடக்கத்திலிருந்து முடிவுவரை செல்ல முடிய வேண்டும் என்று வாதிட்டார். காரணம் தெளிவானது. செத்துச் செத்துப் பழைய நிலைக்குத் திரும்பும்போது ஆடுபவர் கதைக்கு வெளியே வந்து, சேமித்த கோப்புகளை நிர்வகிப்பவராகிவிடுகிறார். ஆராய்ந்து பார்க்கும் ஆவல் தண்டிக்கப்பட்டால் அது மெல்ல அடங்கிவிடும்.

2013இல் வெளிவந்த 'கான் ஹோம்' ஊடாட்டத்தை வேறு திசையில் கொண்டுசென்றது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் மகள் ஆளில்லாத தன் வீட்டில் நடந்து, குடும்பத்துக்கு என்ன ஆனது என்று கண்டறிவதே கதை. கோப்பை, பேனா, ஒலிநாடா என்று வீட்டுப் பொருள்களில் பெரும்பாலானவற்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கலாம். புதிருக்கு உதவாத பொருளும் கைக்குப் பதில் தருவதால் வீடு மேடை அலங்காரமாகத் தோன்றுவதில்லை. 2016இல் வந்த 'ஃபயர்வாட்ச்' வரைபடத்தையும் திசைகாட்டியையும் திரையின் மூலையில் ஒட்டவில்லை; நாயகன் ஹென்றி அவற்றைக் கைகளில் ஏந்திப் பார்க்கிறான். காட்டில் வழி தேடுவது அதனால் உண்மையான தேடலாகிறது.

இரண்டும் இணையும் இடம்

கேமராவும் ஊடாட்டமும் சேர்ந்து ஒரே பொருளைச் சொல்லும்போது லயிப்பு உச்சத்தை எட்டுகிறது. ஜோசஃப் ஃபாரெஸ் இயக்கி 2013இல் வந்த 'பிரதர்ஸ்' விளையாட்டில் அண்ணனும் தம்பியும் நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிப் போகிறார்கள். கேமரா இருவரையும் தொலைவிலிருந்து காட்டுகிறது. கட்டுப்படுத்தியின் இடப்பக்கம் அண்ணனுக்கும் வலப்பக்கம் தம்பிக்கும் உரியது. தம்பிக்கு நீரைக் கண்டால் பயம். அண்ணன் முதுகில் ஏறித்தான் ஆற்றைக் கடப்பான். கதையின் பிற்பகுதியில் அண்ணன் இறந்துவிடுகிறான். தனியே ஆற்றின் முன் நிற்கும் தம்பிக்கு அவனுடைய பொத்தான் பயன்படுவதில்லை. நெடுநேரம் தொடாமல் கிடந்த அண்ணனின் பொத்தானை அழுத்தினால் மட்டுமே அவன் நீந்துகிறான். அண்ணனின் துணிவு தம்பிக்குள் வந்ததை ஆடுபவரின் இடக்கை உணர்கிறது. முகத்தை அண்மையில் காட்டாத படர்க்கைக் கேமராவோடு இவ்வளவு ஆழமான உணர்ச்சி எழ முடிந்தது கையால்தான்.

2017இல் வெளிவந்த 'வாட் ரிமைன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' இன்னொரு சான்று. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் லூயிஸ் என்ற இளைஞனின் பகுதியில், ஆடுபவர் ஒரு கையால் மீன்களை எடுத்து வெட்டுக்கத்திக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதேநேரம் மற்றக் கை, அவன் மனத்தில் விரியும் கற்பனை நாட்டில் ஒரு வீரனை நடத்த வேண்டும். முதலில் கற்பனை திரையின் ஓரத்தில் சிறியதாகத் தோன்றி, மெல்லப் பெருகி ஆலையையே மறைத்துவிடுகிறது. பழக்கத்தால் வெட்டும் கை தானாக இயங்க, கவனம் முழுவதும் கற்பனைக்குப் போகிறது. லூயிஸுக்கு நேர்வது ஆடுபவருக்கும் நேர்கிறது.

கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' இதே கொள்கையைத் தமிழ்க் குடும்பக் கதைக்குப் பயன்படுத்தியது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, தாய் தந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கிறாள். ஏட்டின் பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. விட்டுப்போன படிகளை ஆடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். வசனப் பகுதிகளில் குடும்பத்தைத் தள்ளி நின்று பார்க்கும் கேமரா, சமையல் பகுதிகளில் பாத்திரங்களின் அருகே வந்துவிடுகிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போகும் என்று யோசிக்கும் கை, மரபு ஒன்றைக் காப்பாற்றும் முயற்சியில் தானும் பங்கெடுக்கிறது.

இணையாத இடங்களும் பாடம் கற்பிக்கின்றன. 2010இல் வந்த 'ஹெவி ரெய்ன்' சினிமாவுக்கு நிகரான கேமராக் கோணங்களைக் கொண்டது. பல் துலக்குவதும் முகம் மழிப்பதும்கூடக் கட்டுப்படுத்தியை அதற்கேற்ப மெதுவாக அசைத்துச் செய்ய வேண்டியவை. கூட்டத்தில் தொலைந்த மகனைத் தந்தை கூவித் தேடும்போது, அந்தக் கூவலுக்கான பொத்தான் ஆடுபவரின் பதற்றத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் சண்டைக் காட்சிகளில் திரையில் பளிச்சிடும் பொத்தான் குறிகளையே கண் தேட வேண்டியிருப்பதால், இயக்குநர் அமைத்த காட்சியை ஆடுபவர் சரியாகப் பார்ப்பதில்லை. கண் ஒரு வேலையும் கை வேறொரு வேலையும் செய்யும்போது இரண்டுமே வலுவிழக்கின்றன.

மெய்நிகர் கருவிகள் இந்த இணைப்பை மேலும் கடுமையான சோதனைக்கு உட்படுத்துகின்றன. தலைக்கவசத்தை அணிந்தவரின் தலையே கேமரா, கையே சுட்டி. தலை அசைவுக்கும் காட்சிக்கும் இடையே தாமதம் ஏற்பட்டால் உடனே குமட்டுகிறது. 2020இல் வந்த 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' அலமாரியைத் திறக்கவும், மேசைமேல் கிடக்கும் பொருள்களை ஒதுக்கித் தேடவும், குப்பியை எடுத்து எறியவும் இடம் தந்தது. பொருளை அவ்வளவு அருகில் காட்டிவிட்டுத் தொட முடியாமல் செய்தால், சாதாரணத் திரையில் கண்டுகொள்ளாமல் விடும் குறை இங்கே பெரிதாக உறுத்தும். இட மாயை வலுப்பெறும் அளவுக்கு நிகழ்வு மாயையும் வலுப்பெற வேண்டியிருக்கிறது.

ஆகவே எந்தக் கேமரா சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. இடத்துக்குள் இருக்கும் உணர்வும் பொருள்களை நெருங்கி ஆராய்வதும் முதன்மையானால் தன்மைப் பார்வை பொருந்தும். ஒரு மனிதர் மீதான பரிவும் சுற்றுப்புறத்தை அறிவதும் முதன்மையானால் படர்க்கைப் பார்வை பொருந்தும். தெரியாததன் அச்சம் வேண்டுமானால் நிலைக் கேமரா பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், அந்தக் கேமரா எழுப்பும் எதிர்பார்ப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் கை என்ன செய்ய முடியும் என்று வடிவமைப்பாளர் தீர்மானிக்க வேண்டும். செய்ய முடியாதவற்றைக் காட்டாமல் விடுவதும் அந்தத் தீர்மானத்தின் பகுதியே. 2,500 நிலைப்படங்களால் ஆன ஒரு தீவு லட்சக்கணக்கானோரை ஆட்கொண்டதற்கு இந்தப் பொருத்தமும் ஒரு முக்கியக் காரணம்.